தோழிக்குக் கையால் ஒரு பரிசு: பட்டு நூல் வளையலிலிருந்து குரோஷா மல்லிகைச் சரம் வரை

தோழி ஒருத்தியின் மகளுக்குக் காதணி விழா நடந்தபோது, நான் முதன்முதலாகச் சுற்றிய பட்டு நூல் வளையல்கள் ஆறினைப் பரிசாகக் கொண்டுபோனேன். பந்தி முடிவதற்குள் அவற்றில் இரண்டில் நூல் முனை எழும்பிவிட்டது. குழந்தை அதைப் பிடித்து இழுக்க, உள்ளே இருந்த வெள்ளை பிளாஸ்டிக் வெளியே தெரிய, தோழி சிரித்துக்கொண்டே அதைக் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வளையல்களின் நிறத்திலோ கல்லிலோ ஒரு குறையும் இல்லை. நூலை எங்கே முடிக்க வேண்டும், எப்படி முடிக்க வேண்டும் என்பதைத்தான் நான் கற்றிருக்கவில்லை. அதன் பிறகு நகை, முடி அலங்காரப் பொருள், குரோஷா எனும் கொக்கி ஊசிப் பின்னல் என்று எதைச் செய்தாலும், முதலில் அதன் முனை எங்கே அடங்குகிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதும் இந்தக் கட்டுரையிலும் அந்த இடங்களில்தான் சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

தொடங்கும் முன்: அளவும் பொருளும்

பரிசு பெறுகிறவரின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் பொருள் வாங்கக் கூடாது. வளையல் அளவு 2.4, 2.6, 2.8 என்று சொல்லப்படுவதைப் பலர் தசம எண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது, ஓர் அங்குலத்தைப் பதினாறு பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்ற கணக்காகும். ஆகவே 2.4 என்றால் இரண்டு அங்குலமும் நான்கு பங்கும், அதாவது உள்விட்டம் ஏறக்குறைய 57 மி.மீ.; 2.6 என்றால் 60 மி.மீ.; 2.8 என்றால் 63.5 மி.மீ. இந்தக் கணக்குப் புரிந்தால், 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது என்று கடைக்காரர் சொல்லும்போது குழப்பம் வராது. தோழிக்குத் தெரியாமல் செய்ய வேண்டுமானால், அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடி வளையல் ஒன்றின் உட்புறத்தை ஸ்கேலில் வைத்து அளந்துகொண்டால் போதும். ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: நூல் சுற்றியதும் உள்விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறையும், தவிர, கண்ணாடி வளையலைப்போல நூல் வளையல் கையில் வழுக்கிக்கொண்டு ஏறாது. கை சற்றுப் பூசினாற்போல் இருப்பவருக்கு அடுத்த அளவை எடுத்துவிடுவதே நல்லது.

பொருள்களுக்குச் சென்னையில் பாரிமுனையின் நாராயண முதலி தெருவும், மதுரையில் விளக்குத்தூணைச் சுற்றிய கடைகளும், கோவையில் பெரிய கடை வீதியும் பழகிய இடங்கள். சிறிய ஊர்களிலும் தையல் சாமான் விற்கும் ஃபேன்சி கடைகளில் பெரும்பாலானவை கிடைத்துவிடுகின்றன. முதல் முறை போகும்போது எல்லா நிறத்திலும் நூல் வாங்கிக் குவிக்கும் ஆசை வரும். தோழியின் புடவையோ சுடிதாரோ எந்த நிறம் என்று கேட்டுக்கொண்டு இரண்டு நிறங்கள் மட்டும் வாங்குங்கள். மீதிப் பணத்தை நல்ல பசைக்கும் நல்ல குறட்டுக்கும் செலவழியுங்கள்.

பட்டு நூல் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பட்டு அன்று, ரேயானோ பாலியஸ்டரோதான். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: பட்டு, முடி கருகும் வாடை வீசும், ரேயான், காகிதம் எரியும் வாடை வீசும், பாலியஸ்டர் உருகி, முனையில் கெட்டியான ஒரு மணியாக நிற்கும். வளையலுக்கு எதுவானாலும் பாதகமில்லை. ஆனால் ரேயான் நனைந்தால் பளபளப்பு மங்கிவிடும் என்பதால், தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளும்படி பரிசோடு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

பசையில்தான் புதியவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். நூலுக்கும் துணிக்கும் காய்ந்தபின் நிறமில்லாமல் தெளிவாகிவிடும் ஃபேப்ரிக் கம் போதும். கல்லையும் உலோகத்தையும் ஒட்டுவதற்கு, மெதுவாகக் காயும் நகைப் பசை வேண்டும். அது தொட்டுப் பார்க்கையில் காய்ந்ததுபோல் இருந்தாலும், ஒரு முழு நாள் அசைக்காமல் வைத்தால்தான் பிடிப்பு முழுமையாகும். நொடியில் ஒட்டும் சூப்பர் குளூவை இந்த வேலைக்கு நான் வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை. கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடுவதும் நூலைக் குச்சிபோல் விறைக்கச் செய்வதும் ஒரு காரணம். பருத்தி நூலிலோ கம்பளியிலோ அது ஊறினால் சட்டென்று கையைச் சுடும் அளவுக்கு வெப்பம் வெளிப்படும் என்பது அதைவிட முக்கியமான காரணம். குழந்தைகளோடு உட்கார்ந்து செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

பட்டு நூல் வளையல்

அரை செ.மீ. அகலமுள்ள வெற்று பிளாஸ்டிக் வளையல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாற்காலிகளை முக்கால் மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அவற்றின் முதுகுச் சட்டங்களைச் சுற்றி நூற்கண்டிலிருந்து இருபது சுற்றுச் சுற்றி, ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டினால், ஒன்றரை மீட்டர் நீளத்தில் இருபது இழை கொண்ட ஒரு கற்றை கிடைக்கும். இந்த அகலத்துக்கு அது போதும். ஒரு செ.மீ. அகல வளையலுக்கு இரண்டரை மீட்டர் நீளம் தேவைப்படும். கற்றையின் ஒரு முனையில் சிறிது பசை தடவி, விரல்களுக்கிடையே உருட்டாமல் தட்டையாக அழுத்திக் காயவிடுங்கள். மறுமுனையை ஓர் அட்டைத் துண்டில் சுற்றி வைத்தால் சிக்கு விழாது.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு சுற்றினால் வெளிர் நிறங்களில் கறை ஏறிவிடும். அது பிறகு போகாது.

வளையலின் உட்புறத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பசை தடவி, கற்றையின் காய்ந்த முனையை வளையலின் நீளவாக்கில் அங்கே படியவைத்து, ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு அந்த முனையின் மேலேயே சுற்றத் தொடங்கினால், தொடக்க முனை முதல் நான்கைந்து சுற்றுக்குள் புதைந்துபோகும். இதுவே என் முதல் வளையல்களில் நான் செய்யத் தவறியது. முனையைப் பசையால் மட்டும் ஒட்டிவிட்டு, அதை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொரு சுற்றிலும் கற்றை முறுக்கிக்கொள்ளாமல் நாடாபோலப் படிய வேண்டும். அதற்கு, கற்றை வளையலின் வெளிப்பக்கத்துக்கு வரும்போது கட்டைவிரல் நகத்தின் பக்கவாட்டால் ஒருமுறை மெல்ல நீவிவிட்டால், இழைகள் பரவி ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும். அடுத்த சுற்று முந்தையதைத் தொட வேண்டும். அதன் மேல் ஏறக் கூடாது. வளையலின் உட்புறச் சுற்றளவு வெளிப்புறத்தைவிடக் குறைவாதலால், உள்ளே இழைகள் சற்று நெருக்கியடித்துக்கொள்ளத்தான் செய்யும். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். கண் இருக்க வேண்டிய இடம் வெளிப்பக்கமே.

ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை உட்புறத்தில் குண்டூசி முனையளவு பசை வையுங்கள். வெளிப்பக்கத்தில் பசை வேண்டவே வேண்டாம். அது நூலில் ஊறி ஈரம் பட்டதுபோல் ஓர் இருண்ட திட்டை உண்டாக்கும், காய்ந்த பிறகும் அது மறையாது. சுற்றி முடித்து, தொடங்கிய இடத்தை அடைந்ததும், அதைத் தாண்டி மேலும் இரண்டு சுற்று சுற்றுங்கள். கற்றை உட்புறத்துக்கு வரும்போது நிறுத்தி, பசை தடவி, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்விவைத்து, பத்து நிமிடமாவது காத்திருங்கள். அதன் பிறகே மிச்சத்தை வெட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது வெட்டினால் இழைகள் துடைப்பம்போல் விரிந்துகொள்ளும். வெட்டிய முனையின் மேல் மெல்லிய பசைப் படலம் ஒன்றைத் தடவி, விரலை ஈரப்படுத்திக்கொண்டு அழுத்தித் தேய்த்துவிட்டால், குழந்தை நகத்தால் சுரண்டினாலும் முனை எழும்பாது.

கல் சங்கிலியோ குந்தன் கல்லோ ஒட்டுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல் சங்கிலியை வளையலைச் சுற்றி வைத்து, கடைசிக் கல்லும் முதல் கல்லும் சரியாகச் சந்திக்கின்றனவா என்று ஒட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அரைக்கல் இடைவெளி வந்தால் இழுத்து நிரப்ப முயலாதீர்கள். இடைவெளி விழும் இடத்தில் பெரிய குந்தன் கல் ஒன்றை வைத்தால், அது வேண்டுமென்றே வைத்ததுபோல் அமைந்துவிடும். என் வளையல்களைப் பார்த்து, நடுவில் இருக்கும் அந்த ஒற்றைக் கல்லைப் பாராட்டியவர்கள் பலர். அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் சொன்னதில்லை.

அதே நூலில் ஜிமிக்கி

வளையலோடு ஜிமிக்கியும் சேர்ந்தால் அது ஒரு செட்டாகிவிடும். குடை வடிவில் நடுத்துளையோடு விற்கப்படும் ஜிமிக்கி பேஸ், வாய் விட்டம் 2.5 செ.மீ. அளவில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அதைவிடப் பெரியது பழக்கமில்லாத காதுக்குப் பாரமாக இருக்கும். இதற்குக் கற்றை மெல்லியதாக, பத்துப் பன்னிரண்டு இழையோடு இருக்க வேண்டும். முனையைக் குடையின் உட்புறத்தில் ஒட்டி, மறுமுனையைப் பெரிய கண்ணுள்ள ஊசியில் கோத்து, உள்ளிருந்து நடுத்துளை வழியே மேலே எடுத்து, வெளிப்பக்கமாக இறக்கி, விளிம்பைச் சுற்றி உள்ளே கொண்டுபோய், மறுபடியும் துளை வழியே மேலே எடுக்க வேண்டும். விளிம்பு அகலமானது, துளை குறுகியது. ஆகவே விளிம்பில் நூல் பக்கம் பக்கமாக அழகாகப் படியும்போது, துளையருகே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் புடைத்துக்கொண்டு நிற்கும். முதல் முறை செய்கிறவர்கள் அதைப் பார்த்து அவிழ்த்துவிடுகிறார்கள். அவிழ்க்க வேண்டாம், அந்த இடத்தின் மேல் பூ வடிவ மூடி ஒன்று உட்காரப்போகிறது. கடைசிச் சுற்றை உட்புறத்தில் முடித்து ஒட்டி, முழுவதும் காயவிடுங்கள்.

இனி, ஜிமிக்கியின் உயிர் இருக்கும் இடம்: மேலே வரும் கம்பி வளையம். தலையில் கண் உள்ள கம்பி ஊசியில் ஒரு முத்தைக் கோத்து, குடையின் உள்ளிருந்து துளை வழியே மேலே எடுத்து, பூ மூடியையும் சிறு மணி ஒன்றையும் அதன்மேல் ஏற்றுங்கள். மேலே மிஞ்சும் கம்பியில் 9 அல்லது 10 மி.மீ. விட்டு மீதியை வெட்டிவிட்டு, மணியின் தலையிலேயே கம்பியைச் செங்கோணமாக மடித்து, உருண்டை மூக்குக் குறட்டால் அதன் நுனியைக் கவ்வி, மணிக்கட்டைச் சுழற்றி முழு வட்டமாகக் கொண்டுவாருங்கள். வட்டத்தின் வாய் சரியாக மூடியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தலைமுடி அளவு இடைவெளிகூடத் தெரியக் கூடாது. அதைத் தோட்டின் கொக்கியோடு இணைப்பதற்காக மறுபடி திறக்க நேரும்போது, வாயை இரு பக்கமும் இழுத்து அகலப்படுத்தாமல், கதவைத் திறப்பதுபோல் ஒரு முனையை முன்னால் தள்ளித் திறந்து, அதே வழியில் பின்னால் தள்ளி மூட வேண்டும். இழுத்து அகலப்படுத்திய வட்டம் மறுபடி வட்டமாவதில்லை. திருமண மண்டபத்தில் தொலையும் ஒற்றை ஜிமிக்கிகள் பெரும்பாலும் இப்படித் தொலைந்தவைதாம்.

மலிவான கவரிங் கொக்கி சிலருக்கு ஒரே நாளில் காதைப் புண்ணாக்கிவிடும். அதில் கலந்த நிக்கல்தான் பெரும்பாலும் காரணம். தோழிக்கு அத்தகைய ஒவ்வாமை உண்டா என்பது தெரியாவிட்டால், சர்ஜிகல் ஸ்டீல் கொக்கி வாங்கிவிடுங்கள். நிறமில்லாத நகப்பூச்சைத் தடவுவதும் உதவும் என்றாலும், நாள்தோறும் உரசும்போது அது விரைவில் தேய்ந்துவிடும்.

முடிக்கு: துணி ரப்பர் பேண்டும் கிளிப்பும்

தையல் தெரிந்தவர்களுக்கு அரை மணி நேர வேலை இது; தெரியாதவர்களுக்கும் கைத்தையல் போதும். சேலைக்கு எடுத்த ரவிக்கைத் துணியில் தையற்காரர் திருப்பித் தரும் வெட்டுத்துணிகளே இதற்குச் சிறந்தவை. தோழியின் ரவிக்கையைத் தைக்கும் அதே தையற்காரரிடம் கேட்டு வாங்க முடிந்தால், அவர் கட்டும் புடவைக்குப் பொருத்தமான பரிசு செலவில்லாமல் அமைந்துவிடும்.

55 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள துண்டை, நல்ல பக்கம் உள்ளே வருமாறு நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தையுங்கள். ஒரு முனையில் ஊக்கைக் குத்தி, குழாய்க்குள் தள்ளி நகர்த்திக்கொண்டே போய் மறுமுனையில் வெளியே இழுத்தால், துணி நல்ல பக்கத்துக்குத் திரும்பிவிடும். அதே ஊக்கில் அரை செ.மீ. அகல எலாஸ்டிக்கை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக் கோத்து உள்ளே ஓட்டுங்கள். எலாஸ்டிக்கின் பின்முனை உள்ளே மறைந்துபோகாதபடி அதை இன்னொரு ஊக்கால் துணியோடு குத்திவைக்க மறக்காதீர்கள். மறந்துபோய் எல்லாவற்றையும் உருவி முதலிலிருந்து தொடங்குவது, இந்த வேலை கற்கும் எல்லோரும் ஒருமுறையாவது செலுத்தும் கட்டணம்.

எலாஸ்டிக்கின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முடிச்சு காலப்போக்கில் நழுவும். கையில் கட்டியாகவும் தட்டுப்படும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்றரை செ.மீ. படியவைத்து, பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தமாகத் தைத்துவிட்டால், எலாஸ்டிக் தன் ஆயுள் முடியும்வரை அந்த இடம் விடாது. பிறகு, துணிக் குழாயின் ஒரு முனையின் ஓரத்தை உட்புறமாக ஒரு செ.மீ. மடித்து, மறுமுனையை அதற்குள் நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத சிறு தையலால் மூடுங்கள். அடர்ந்த கூந்தல் உள்ளவருக்கு எலாஸ்டிக்கை 22 செ.மீ. ஆக்கலாம். சிறுமிக்கு 16 செ.மீ. போதும், துணியையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பூவோ முத்தோ வைத்த டிக்டாக் கிளிப் செய்கிறவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: வழுவழுப்பான உலோகத்தின் மேல் நேரடியாகச் சூட்டுப் பசையை வைத்து ஒட்டினால், அது ஒரு மாதத்துக்குள் தகடுபோல் உரிந்து வந்துவிடும். கிளிப்பின் மேல்தகட்டை முதலில் குறுகிய சாட்டின் ரிப்பனால் சுற்றி ஒட்டிவிட்டு, அந்த ரிப்பனின் மேல் பூவை ஊசி நூலால் தைத்து, பிறகு பசை வையுங்கள். பசை காய்ந்து விழுந்தாலும் தையல் பிடித்துக்கொள்ளும்.

குரோஷா: ஒரே ஓர் ஊசியில்

குரோஷா என்பது கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால், ஒரு நேரத்தில் ஒரு கண்ணை, அதாவது ஒரு நூல் வளையத்தை, மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பின்னும் முறை. இரண்டு நீண்ட ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னுவது வேறு கலை. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்பித்த லேஸ், தலையணையின்மேல் பல சிறு கட்டைகளில் நூல் சுற்றி மாற்றி மாற்றிப் போடுவது. அதுவும் இதுவும் ஒன்றல்ல. ஆந்திரத்தின் நரசாபுரத்துப் பெண்கள் தலைமுறைகளாகப் பின்னிவரும் லேஸ்தான் குரோஷா. வீட்டில் பழைய டிவி மூடியோ மேசை விரிப்போ இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் வரும் எல்லா வேலைப்பாடும் பின்னால் சொல்லப்போகும் நான்கு அசைவுகளுக்குள் அடங்கிவிடும்.

முதல் ஊசியாக 4 மி.மீ. அளவை வாங்குங்கள். நூல், வெளிர் நிறத்தில் 8 பிளை பருத்தியாக இருக்கட்டும் (பிளை என்பது நூலின் தடிமனைக் குறிக்கும் எண்). கறுப்பு நூலில் கண்கள் தெரியாமல் கற்கவே முடியாது. மெல்லிய லேஸ் நூலும் சிறிய இரும்பு ஊசியும் பார்க்க ஆசையாக இருக்கும். அவற்றை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். அக்ரிலிக் உல்லன் நூல் மலிவு, நிறங்களும் அதிகம். ஆனால் நம் வெயிலில் தோலை உறுத்தும், சூடான பாத்திரம் வைத்தால் இளகும். பொம்மைக்கு அது சரி; டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டருக்கும் கூந்தலில் வைப்பதற்கும் பருத்திதான்.

சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டி, நூலைக் கொக்கியில் கொளுவி அந்த வளையத்தின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண். நூல் இடது கையின் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேல் ஏறி ஊசிக்கு வர வேண்டும். நூலின் இறுக்கத்தை அந்த ஆள்காட்டி விரல்தான் தீர்மானிக்கிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இதை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளலாம். முதல் இரண்டு நாளும் வெறும் சங்கிலியே போடுங்கள். ஐம்பது கண்ணும் ஒரே அளவாக, ஊசி உள்ளே சிரமமின்றி நுழையும்படி வரும்போது அடுத்ததற்குப் போகலாம்.

கண்ணுக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஊசியில் உள்ள இரண்டு வளையங்களின் வழியாகவும் மறுபடி இழுத்தால் அது சிங்கிள் குரோஷா. ஊசியில் நூலை முதலில் ஒருமுறை சுற்றிக்கொண்டு, கண்ணுக்குள் விட்டு இழுத்தால் மூன்று வளையங்கள் நிற்கும். நூலைக் கொளுவி முதல் இரண்டின் வழியாக ஒருமுறை, மிஞ்சிய இரண்டின் வழியாக ஒருமுறை என்று இழுத்தால் டபுள் குரோஷா. கண்ணுக்குள் விட்டு, நூலை இழுத்த கையோடு ஊசியில் உள்ள வளையத்தின் வழியாகவும் இழுத்துவிட்டால் ஸ்லிப் ஸ்டிச். இணைப்பதற்கு மட்டும் பயன்படுவது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள். இங்கிலாந்து முறையில் இதே சிங்கிளை டபுள் என்றும், டபுளை டிரெபிள் என்றும் சொல்வார்கள். ஒரு மாதிரியைப் பார்த்துப் பின்னும்போது உங்கள் பூ மட்டும் கீரைக்கட்டுபோல் வளர்ந்தால், தவறு உங்கள் கையில் இல்லாமல் அந்தப் பெயரில் இருக்கக்கூடும்.

முதல் பரிசாகக் கோஸ்டர் செய்யலாம். நான்கு சங்கிலி போட்டு முதல் கண்ணோடு ஸ்லிப் ஸ்டிச்சால் இணைத்து வளையமாக்குங்கள். மூன்று சங்கிலி ஏற்றினால் அது ஒரு டபுள் குரோஷாவுக்குச் சமம். வளையத்துக்குள் இன்னும் பதினொன்று போட்டால் மொத்தம் 12. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டிரண்டாகப் போட்டால் 24. மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் 36. ஏறக்குறைய 10 செ.மீ. வட்டம் வந்துவிடும், காப்பி டம்ளருக்கு அது தாராளம். ஓரம் அப்பள விளிம்புபோல் நெளிந்தால் கண்கள் அதிகமாகிவிட்டன என்று பொருள். கிண்ணம்போல் குழிந்தால் குறைந்துவிட்டன. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணிலும் ஓர் ஊக்கை மாட்டிவைத்து, சுற்று முடிந்ததும் எண்ணுங்கள். எண்ணாமல் பின்னுகிறவர்கள் கடைசியில் எண்ணிக்கொண்டே அவிழ்க்க வேண்டியிருக்கும்.

கிளிப்பில் வைக்கச் சிறு பூ வேண்டுமானால், ஐந்து சங்கிலியை வளையமாக்கி, அதற்குள் பத்து சிங்கிள் போட்டு இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு சங்கிலி, அடுத்த கண்ணில் மூன்று டபுள், மறுபடி இரண்டு சங்கிலி, அதற்கடுத்த கண்ணில் ஒரு ஸ்லிப் ஸ்டிச் என்று ஐந்து முறை செய்தால் ஐந்து இதழ்.

எனக்கு மிகவும் பிடித்தது மல்லிகைச் சரம். பூ கிடைக்காத குளிர் நாட்டில் படிக்கப்போகும் தோழிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை. 4 பிளை வெள்ளைப் பருத்தியும் 2.5 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து மூன்றாவது கண்ணில் ஒரு டபுள் குரோஷாவைத் தொடங்கி, முதல் இரண்டு வளையங்களின் வழியாக இழுத்ததோடு நிறுத்திவிடுங்கள். அதே கண்ணில் அப்படி மூன்று முறை செய்தால் ஊசியில் நான்கு வளையங்கள் நிற்கும். நூலைக் கொளுவி நான்கின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்து, இறுக்கமாக ஒரு சங்கிலி போட்டால், காம்புப் பக்கம் ஒடுங்கி நடுவில் உப்பிய ஒரு மொட்டு கிடைக்கும். மறுபடி மூன்று சங்கிலி, மறுபடி மொட்டு. 120 செ.மீ. நீளம் வரும்வரை பின்னி, நான்காக மடித்தால், பூக்காரர் அளக்கும் ஒரு முழத்தைவிடக் குறைவாக, பின்னலின் மேல் பிறை வடிவில் வைக்க அளவான சரம் ஆகும். மடிப்புகளை வெள்ளை நூலால் ஒன்றோடொன்று ஆங்காங்கே தைத்து, இரு கோடியிலும் கொண்டை ஊசி நுழைய ஒரு சிறு வளையம் விடுங்கள். இடையிடையே இரண்டு அங்குலம் ஆரஞ்சு நூலில் பின்னிச் சேர்த்தால் கனகாம்பரம் கலந்த கதம்பமாகிவிடும்.

இப்போது நூல் முனைகள். எதைப் பின்னினாலும் தொடக்கத்திலும் முடிவிலும் 15 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். கடைசிக் கண்ணின் வழியே முனையை முழுவதும் இழுத்து இறுக்கி, மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசியில் கோத்து, பின்னலின் பின்புறக் கண்களுக்குள் நான்கு செ.மீ. ஒரு திசையில் ஓட்டி, ஒரு கண்ணைத் தாண்டி அதே வழியில் எதிர்த்திசையில் திரும்பி ஓட்டிய பிறகே மிச்சத்தை வெட்டலாம். முடிச்சுப் போட்டு அதன் ஓரத்திலேயே வெட்டினால், இரண்டு முறை துவைத்ததும் முடிச்சு நழுவி, பிறகு ஒரு கண்ணை இழுத்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். இருபது மொட்டுப் பின்னும் உற்சாகம் இந்த இரண்டு முனைகளை ஓட்டும்போது யாருக்கும் இருப்பதில்லை. நான் அதை மறுநாள் காலைக் காப்பிக்குப் பிறகு செய்வேன்.

அடர் சிவப்பு, நீலம் போன்ற நூல்களில் பின்னியவற்றைக் கொடுப்பதற்கு முன், ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாக அலசிக் காயவைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். கோஸ்டரையும் பூவையும் லேசாக ஈரப்படுத்தி, துண்டின்மேல் விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்தி நிழலில் உலர்த்தினால் வடிவம் நேராகிவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் பொம்மையில் மணியைக் கண்ணாக வைக்காதீர்கள். கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். நீண்ட தொங்கல் கயிறும் வேண்டாம்.

கட்டிக் கொடுப்பதற்குத் தனிச் செலவு தேவையில்லை. கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்தால் ஜிமிக்கிக்கும் கிளிப்புக்கும் பெட்டி கிடைத்துவிடும். பெட்டிக்குள் நான் எப்போதும் ஒரு சிறு அட்டையில் அதே நிற நூலை ஒன்றரை மீட்டர் சுற்றி, பூப்போன்ற ஒரு முடிச்சோடு சேர்த்து வைக்கிறேன். காதணி விழா நடந்த வீட்டுக்கும் பிறகு அப்படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைப்பையில் போன அந்த இரண்டு வளையல்களையும் தோழியும் அவள் மகளும் திண்ணையில் உட்கார்ந்து அன்று மாலையே திரும்பச் சுற்றிவிட்டார்கள்.